கௌஸ்லிப் மலரும் உலர்புல் வெளியும் – ஒரு நோக்கு

ஆங்கில இலக்கியத்தைப் பாடமாகப் பயிலும் நம் கல்லூரி மாணவர்க்குப் பழகிய பூப்பெயர்களுள் கௌஸ்லிப் என்பதும் ஒன்று. சேக்சுபியரின் நாடகங்களில் அது பலமுறை வருகின்றது; மில்டன் 1637இல் பாடிய ‘லிசிடாஸ்’ என்னும் இரங்கற்பாவிலும் வருகின்றது. வருமிடந்தோறும் உரைக்குறிப்பு அதனை ‘மஞ்சள் நிறக் காட்டுப் பூ’ என்று சொல்லி முடித்துவிடும். மாணவரும் அதனை ஏட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டு அடுத்த அடிக்குச் சென்றுவிடுவர். முல்லை என்பதற்கு ‘வெண்ணிறப் பூ’ என்று மட்டும் ஒருவர் உரை வரைந்தால் அதனை உரையென நாம் ஏற்போமா? முல்லை என்ற அளவிலேயே காடும் காடு சார்ந்த நிலமும், காரும் மாலையும், ஆநிரையும் ஆயரும், வாயிலில் காத்திருக்கும் தலைவியும் நம் நெஞ்சில் எழுந்து நிற்பது வழக்கம். பூவின் பெயராலேயே நிலத்தை அறிந்த மரபு நம்முடையது. அம்மரபில் வந்தோர் பிறமொழி இலக்கியத்தில் ஒரு பூவைக் காணுங்கால், அஃது எந்நிலத்தது, எப்பருவத்தது, எவர் தொழிலைச் சார்ந்து வாழ்வது என்று வினவுவது இயல்பே.

அவ்வாறு வினவத் தொடங்கினால் ‘காட்டுப் பூ’ என்னும் கூற்றே ஐயத்திற்குரியதாகிவிடுகின்றது. கௌஸ்லிப் காட்டில் தானே விளைந்து தானே வாழும் பூ அன்று. புல்லறுக்கும் மனிதரின் அரிவாளை நம்பி வாழ்வது அது. மேலும், தன்னையொத்த செடியிடமிருந்து அன்றி, தன்னின் வேறுபட்ட அண்டைச் செடியிடமிருந்தே மகரந்தம் பெற்று விதை கொள்வது. பனியையும் உறைகுளிரையும் தாங்கிப் பல்லாண்டு நிலைக்கும் வன்மை அதற்கு உண்டு. அவ்வன்மையே அதன் அழிவை நம் கண்ணுக்கு மறைத்துவிடுவதும் உண்டு. இவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர்

கௌஸ்லிப் என்னும் சொல்லைக் கேட்டவுடன் ‘பசுவின் உதடு’ என்று பொருள் கொள்ளத் தோன்றும். ஆங்கிலேயருள்ளும் அவ்வாறு கொண்டோர் உளர். கேட்பதற்கு இனிய விளக்கம். ஆயினும் பிழையான விளக்கம். பழைய ஆங்கிலத்தில் இப்பெயர் ‘கூ-ஸ்லிப்பெ’ என்று வழங்கியது. ‘கூ’ என்பது பசு. ‘ஸ்லிப்பெ’ என்பது வழவழப்பான சேறு அல்லது சாணம். எனவே சாணப் பூ என்பதே இதன் நேர்ப்பொருள். மாடு மேய்ந்து சாணமிட்ட புல்வெளியில் மிகுதியாகக் காணப்பட்டமையால் வந்த பெயர் இது என்பர். சொல்லைப் பிரிக்கும் இடம் தவறினால் சாணம் உதடாகிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு சொற்பிறப்பு வகுப்பில் கிடைப்பது அரிது.

நாம் ஈண்டுக் கருதத்தக்கது ஒன்றுண்டு. உதடு என்று கொண்டால் அப்பெயர் பூவின் அழகைப் பற்றியதாக நின்றுவிடும். சாணம் என்று கொண்டாலோ அது நிலத்தைப் பற்றியதாகின்றது. பூவின் பெயருக்குள் ஆநிரையும் மேய்ச்சலும் மேய்ப்பவனும் வந்துவிடுகின்றனர். பண்டைய ஆங்கில உழவன் இப்பூவை எங்கே கண்டான் என்பதைப் பெயர் காத்து வைத்திருக்கின்றது.

பிற மொழியார் வேறு நோக்கில் பெயரிட்டனர். செருமானியர் இதனைச் சாவிப் பூ என்னும் பொருளில் ‘ஷ்லூசல்புளூமெ’ என்றனர். ஒரே தண்டின் நுனியிலிருந்து ஒரு பக்கமாகத் தொங்கும் பூக்கள், வளையத்தில் கோத்த சாவிக்கொத்தினை நினைவூட்டியமையே காரணம். பிரெஞ்சு மக்கள் குயிலின் பெயராலேயே இதனைக் ‘கூக்கூ’ என்றும் அழைப்பர். அப்பறவை கூவும் இளவேனிலில் பூப்பதால் அப்பெயர். லின்னேயசு 1753இல் வெளியிட்ட நூலில் இதற்கு ‘பிரிமுலா வேரிஸ்’ என்று பெயரிட்டார். ‘வேனிலின் சிறு முதற்பூ’ என்பது அவ்விலத்தீன் பெயரின் கருத்து. அவர் கௌஸ்லிப், ஆக்ஸ்லிப், பிரிம்ரோஸ் ஆகிய மூன்றனையும் ஓரினத்தின் மூன்று வகைகளாகவே கொண்டார். அவை வெவ்வேறு இனங்கள் என்பது நெடுங்காலம் வழக்காடப்பட்ட செய்தி. அவ்வழக்கில் 1868இல் சான்றுகளோடு புகுந்தவர் சார்லசு டார்வின். அவரை மீண்டும் கீழே காண்போம்.

உருவும் புலவர் கண்ட உருவும்

கௌஸ்லிப் ஐரோப்பா முழுவதும் மேற்கு ஆசியாவின் குளிர்மிகு பகுதிகளிலும் வளரும் பல்லாண்டுச் சிறுசெடி. குளிர்காலத்தில் அதன் பெரும்பகுதி வாடி, தடித்த சிறு வேர்த்தண்டு மட்டும் மண்ணுள் உயிரோடிருக்கும். வேனில் தொடக்கத்தில் சுருக்கம் விழுந்த இலைகள் நிலத்தோடு படிந்து வட்டமாக விரியும். அவ்வட்டத்தின் நடுவிலிருந்து இலையற்ற தண்டு ஒன்று 10 முதல் 30 சென்டிமீட்டர் வரை எழும். ஏப்பிரல், மே மாதங்களில் அதன் நுனியில் பூக்கள் கொத்தாகத் தோன்றித் தலை கவிழ்ந்து தொங்கும். உப்பிய பைபோன்ற வெளிர்பச்சைப் புல்லிவட்டம், அதனுள்ளிருந்து எட்டிப் பார்க்கும் அடர்மஞ்சள் அல்லிவட்டம், இதழ் ஐந்து, ஒவ்வோர் இதழின் அடியிலும் செம்மஞ்சள் புள்ளி ஒன்று. பூவின் குறுக்களவு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே. சர்க்கரைபாதாமி என்னும் ஆப்ரிகாட் பழத்தை ஒத்த இனிய மணம் உடையது.

இவ்வளவையும் அறிந்தபின் சேக்சுபியரை மீண்டும் எடுத்துப் படித்தல் வேண்டும். ‘நடுவேனிற் கனவு’ நாடகத்தில் தேவதை ஒருத்தி, நெடிய கௌஸ்லிப் பூக்களைத் தன் அரசியின் மெய்க்காவலர் என்கின்றாள். ஒரு சாணளவே உயரமுள்ள செடி நெடியதாவது எங்ஙனம்? பேசுபவளின் உருவம் அத்துணைச் சிறியது என்பதே விடை. அரசி முதலாம் எலிசபெத்தின் மெய்க்காவலர் உயரமும் பொலிவான உடையும் கருதித் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்பதும் அக்கால அவையினர்க்குத் தெரியும். செடியின் உயரம் அறியாத மாணவர்க்கு இந்நகை முழுதும் வீணாகின்றது. அத்தேவதையே பூவின் புள்ளிகளை மாணிக்கங்கள் என்றும், அவற்றிலேயே அதன் மணம் தங்கியுள்ளது என்றும் கூறுகின்றாள். ‘புயல்’ நாடகத்தில் ஏரியல் கௌஸ்லிப்பின் மணிவடிவப் பூவினுள் படுத்துறங்குவதாகப் பாடுகின்றான். ஒரு சென்டிமீட்டர் அகலப் பூவில் உறங்கும் உடல் எவ்வளவினது என்பதை நாமே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இவற்றினும் நுட்பமானது ‘சிம்பலின்’ நாடகத்தில் வருவது. உறங்கும் இமோசனின் அறையுள் கரந்து புகுந்த வஞ்சகன் ஒருவன், அவள் மார்பில் ஐந்து புள்ளிகளையுடைய மச்சம் ஒன்றைக் காண்கின்றான். கௌஸ்லிப்பின் அடியிலுள்ள செந்துளிகளை அவன் அதற்கு உவமை ஆக்குகின்றான். பின்னர் அம்மச்சமே அவள்மீது சுமத்தப்படும் பொய்ப்பழிக்குச் சான்றாகி, கணவனை நம்பவைக்கின்றது. கௌஸ்லிப் தலை கவிழ்ந்த பூ. நின்று பார்ப்பவன் கண்ணுக்கு அதன் உட்புள்ளிகள் புலப்படா. குனிந்து, பூவை விரலால் நிமிர்த்தி, உள்ளே நோக்கினாலன்றி ஐந்தென எண்ண இயலாது. மறைந்திருப்பதை உரிமையின்றித் திறந்து பார்த்தவன் வாயில் இவ்வுவமையைப் புலவர் வைத்தமை எத்துணைப் பொருத்தம்! உவமானத்தின் இயல்பை அறியாமல் உவமையை நயத்தல் இயலாது என்று நாம் சங்கப் பாடல் வகுப்பில் ஓயாது கூறுவது ஆங்கிலப் பாடலுக்கும் பொருந்தும்.

அப்புள்ளிகள் பூச்சிகட்கு வழிகாட்டும் குறிகள். பூவின் மஞ்சள் வாயிலிலிருந்து குறுகிய குழல் ஒன்று உள்ளே செல்லும். அதன் அடியில் தேன் இருக்கும். நீண்ட உறிஞ்சுகுழல் உடைய வண்டினங்களும் தேனீக்களும் அதனை நாடி வரும். தலை கவிழ்ந்திருத்தல் துயரக் கோலமாக மில்டனுக்குப் பயன்பட்டது. பூவுக்கோ அது வேனில் மழையிலிருந்து மகரந்தத்தையும் தேனையும் காக்கும் கூரையாகின்றது.

ஓரினத்துள் ஈருரு

கௌஸ்லிப் பூவின் வாயிலை உற்று நோக்குவோர் எல்லாப் பூக்களிலும் ஒரே காட்சியைக் காண்பதில்லை. சில செடிகளில் சூல்தண்டு நீண்டு, அதன் உருண்டைச் சூல்முடி வாயிலில் குண்டூசித் தலைபோல் தோன்றும். மகரந்தப்பைகளோ குழலின் நடுவில் மறைந்திருக்கும். வேறு சில செடிகளில் மகரந்தப்பைகள் ஐந்தும் வாயிலில் கூடி நிற்கும். சூல்தண்டு குறுகி நடுக்குழலோடு நின்றுவிடும். ஒரு செடியின் பூக்களெல்லாம் ஒரே வடிவத்தன. ஒன்றில் ஒன்றும் மற்றொன்றில் மற்றொன்றுமாகக் கலந்து வருதல் இல்லை. ஆங்கிலத் தோட்டக்காரர் முன்னதைக் குண்டூசிக்கண் என்றும், பின்னதை இழைக்கண் என்றும் வழங்கினர். இழை என்று நாம் மொழிபெயர்த்த ‘திரம்’ என்பது நெசவுச் சொல். நெய்த துணியை அறுத்தெடுத்தபின் தறியில் எஞ்சி நிற்கும் பாவிழை நுனிகளைக் குறிப்பது. கௌஸ்லிப்பும் பிரிம்ரோசும் கலந்து தோன்றிய பாலியாந்தஸ் என்னும் தோட்டப் பூவைப் போட்டிக்கென வளர்த்தோர், இழைக்கண் உடையதனையே உயர்ந்ததெனக் கொண்டு குண்டூசிக்கண்ணை ஒதுக்கிவிட்டனர். அழகு பற்றிய தீர்ப்பு அது. இரண்டும் ஏன் உள்ளன என்ற வினா அவர்கட்கு எழவில்லை.

அவ்வினாவை எழுப்பியவர் டார்வின். இங்கிலாந்தின் கெண்ட் மாவட்டத்தில் டவுன் என்னும் சிற்றூரில் வாழ்ந்த அவர் 1860இல் இவ்வேறுபாட்டை ஆராயத் தொடங்கினார். தொடக்கத்தில் அவர் கொண்ட கருத்து வேறு. நீண்ட சூல்தண்டுடையது பெண்மை மிக்கதாகவும், மற்றது ஆண்மை மிக்கதாகவும் மாறிவருகின்றன. காலப்போக்கில் இருபாலும் தனித்தனிச் செடிகளாகப் பிரியும் என்று எண்ணினார். அங்ஙனமாயின் நீள்சூல்தண்டுச் செடியே மிகுதியாக விதை தரல் வேண்டும். செடிகளைக் குறியிட்டு வைத்து, விதைகளைத் திரட்டி நிறுத்துப் பார்த்தார். குறுஞ்சூல்தண்டுச் செடிகளே மிகுதியாக விதைத்திருந்தன. தம் கருத்தை அவ்விடத்தே கைவிட்டு, ஒவ்வொரு வடிவத்தையும் மற்றதனோடும் தன்னோடும் தம் கையாலேயே மகரந்தம் சேர்த்துச் சோதித்தார். ஒரு வடிவின் மகரந்தம் மறுவடிவின் சூல்முடியைச் சேர்ந்தபோதே விதை நிறைவாகப் பிடித்தது. தன் வடிவிற்குள்ளேயே சேர்ந்தபோது விதை மிகக் குறைந்தது. முன்னதை முறையான இணைவு என்றும் பின்னதை முறையற்ற இணைவு என்றும் அவர் பெயரிட்டார். 1861 நவம்பர் 21ஆம் நாள் லின்னேயசு கழகத்தில் படிக்கப்பெற்ற அவ்வாய்வுரை 1862இல் அச்சேறியது. இவ்வகைப் பூக்களின் அமைப்பிற்குப் பொருள் கண்டதைப்போலத் தமக்கு நிறைவளித்தது தம் அறிவியல் வாழ்வில் வேறில்லை என அவர் தம் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். உயிரினத் தோற்றம் பற்றிய பெருநூலை எழுதிய ஒருவர் ஒரு சிறு பூவைக் குறித்து இவ்வாறு சொன்னது வியத்தற்குரியது.

அமைப்பின் செயல் எளியது. வண்டு நீள்சூல்தண்டுப் பூவில் தேன் உண்ணும்போது, நடுக்குழலிலுள்ள மகரந்தம் அதன் உறிஞ்சுகுழலின் நடுவில் ஒட்டிக்கொள்ளும். அவ்வண்டு குறுஞ்சூல்தண்டுப் பூவை அடைந்தால், நடுக்குழலில் காத்திருக்கும் சூல்முடியில் சரியாக அவ்விடம் உராயும். மறுதலையாக, வாயிலில் படிந்த மகரந்தம் வாயிலிலுள்ள சூல்முடியைச் சேரும். பூட்டும் சாவியும் இரு செடிகளில் பிரிந்திருப்பதுபோன்ற ஏற்பாடு இது. இடந்தவறித் தன் வடிவின் மகரந்தமே வந்து விழுந்தாலும் பெரும்பாலும் அது சூலை அடையாது நின்றுவிடும்.

இவ்வேறுபாடு தலைமுறைதோறும் எவ்வாறு காக்கப்படுகின்றது என்பதற்கு 1905இல் பேட்சனும் கிரிகரியும் சீனப் பிரிமுலாவைக் கொண்டு முதல் விடை தந்தனர். குறுஞ்சூல்தண்டு ஓங்கிய பண்பு என்பது அவர்கள் கண்டது. அதன் முழு விளக்கம் 2016இல்தான் கிடைத்தது. கௌஸ்லிப்பின் நெருங்கிய உறவான பிரிம்ரோசில், குறுஞ்சூல்தண்டுச் செடியின் மரபுப்பொருளில் ஏறத்தாழ 2,78,000 கார இணைகள் நீளமுள்ள ஒரு பகுதி உள்ளது. அதில் ஐந்து மரபணுக்கள் இருக்கின்றன. நீள்சூல்தண்டுச் செடியில் அப்பகுதியே இல்லை. அவ்வைந்தனுள் ஒன்று, சூல்தண்டை நீளச் செய்யும் பிராசினோஸ்டீராய்டு என்னும் வளரூக்கியைச் சிதைத்துவிடுகின்றது. அதனால் சூல்தண்டு குறுகுகின்றது என்பதும் அவ்வாண்டே தெரிய வந்தது.

இதிலிருந்து பெறப்படும் ஒரு முடிவு பின்வரும் பகுதிக்கு மிகவும் வேண்டப்படுவது. ஒரு புல்வெளியில் நீள்சூல்தண்டுச் செடிகள் அனைத்தும் அழிந்து குறுஞ்சூல்தண்டு மட்டும் எஞ்சினால், அவை தம்முள் அரிதாகக் கலந்து பிறப்பிக்கும் கன்றுகளுள் சிலவற்றுக்கேனும் அப்பகுதி கிட்டாது போகும். ஆகவே நீள்சூல்தண்டு மீண்டும் தோன்றக்கூடும். ஆனால் குறுஞ்சூல்தண்டு முற்றும் அழிந்தால், எஞ்சிய செடிகளில் அம்மரபணுப் பகுதியே இல்லை. வெளியிலிருந்து மகரந்தமோ விதையோ வந்தாலன்றி அவ்வெளியில் குறுஞ்சூல்தண்டு இனிப் பிறக்க வழியில்லை.

நம் குளங்களை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரையும் இவ்வகைப் பூவே என்பதை இடையே சொல்லிவைக்கலாம். அதன் தாயகமான தென்னமெரிக்காவில் நீண்டதும் இடைப்பட்டதும் குறுகியதுமான மூவகைச் சூல்தண்டு வடிவங்கள் அதற்கு உண்டு. பிற நாடுகளுக்குச் சென்று பரவியது பெரும்பாலும் இடைப்பட்ட வடிவமே. துணையிழந்தும் அது தழைப்பதற்குக் காரணம், விதையை எதிர்பாராது பக்கக்கன்றுகளால் பெருகும் ஆற்றல். கௌஸ்லிப்புக்கு அத்தகைய ஆற்றல் பெரிதாக இல்லை.

உலர்புல் வெளி

கௌஸ்லிப்பின் நிலம் யாது? இங்கிலாந்தின் தாழ்நிலப் பகுதிகளை மனிதர் கைவிட்டால், புல்வெளி நில்லாது. முதலில் புதரும் பின்னர் மரக்காடும் அதனை மூடிவிடும். அங்குப் புல்வெளி என்பது கால்நடை வளர்ப்போர் நூற்றாண்டுகளாகச் செய்த வேலையின் விளைவு. குளிர்காலத்தில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் உணவு வேண்டும். அதற்காக வேனில் தொடக்கத்தில் வெளியில் மேய்ச்சலை நிறுத்திப் புல்லை வளரவிடுவர். சூலை மாதமளவில் நீண்ட பிடியுடைய அரிவாளால் அறுத்து, வெயிலில் உலர்த்திச் சேமிப்பர். அறுத்தபின் துளிர்க்கும் தழையை மேயக் கால்நடைகளை மீண்டும் விடுவர்.

இவ்வாண்டுச் சுழற்சியோடு கௌஸ்லிப்பின் வாழ்க்கை இசைந்து நிற்கின்றது. புல் உயரும் முன்பே அது பூத்துவிடுகின்றது. பூத்த பின் கவிழ்ந்திருந்த காம்புகள் நிமிர்ந்து, காய் மேல்நோக்கித் திறக்கும். காற்றில் தண்டு அசையும்போது விதைகள் தாய்ச்செடிக்கு மிக அருகிலேயே சிதறும். சூலையில் அரிவாள் வரும்போது விதை உதிர்ந்திருக்கும். நிலத்தோடு படிந்த இலைவட்டம் வெட்டுக்குத் தப்பிவிடும். உயர்ந்த புல் நீங்கியமையால் அதற்கு மீண்டும் வெயில் கிட்டும். கால்நடையின் குளம்பு மண்ணைக் கிளறி விதைக்கு இடம் செய்யும். ஆண்டுதோறும் புல்லை எடுத்துச் செல்வதால் மண்ணின் சத்தும் உடன் செல்லும். மெலிந்த மண்ணே இப்பூவுக்கு ஏற்றது. இது நம் உழவர்க்கு வியப்பளிக்கலாம். வளம் மிகுந்தால் முரட்டுப் புல்லினங்கள் விரைந்து உயர்ந்து, தாழ்ந்த இலைவட்டத்தை நிழலில் ஆழ்த்திக் கொன்றுவிடும். வளம் குன்றிய இடத்தில்தான் பலவகைச் செடிகள் ஒன்றையொன்று நெருக்காமல் கூடி வாழும்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் (1939–1945) உணவு நெருக்கடியால் இங்கிலாந்தில் பழைய புல்வெளிகள் பெருமளவில் உழப்பட்டன. போருக்குப் பின்னும் அப்போக்கு நிற்கவில்லை. உழாது விட்ட வெளிகளில் செயற்கைத் தழைச்சத்து இடப்பட்டது, களைக்கொல்லி தெளிக்கப்பட்டது. உலர்புல்லுக்குப் பதிலாக ஊறுகாய்ப்புல் செய்யும் வழக்கம் பரவியபோது முதல் அறுப்பு மே மாதத்திற்கே முன்னேறிவிட்டது. அப்போது கௌஸ்லிப் பூவோடு நிற்கும்; விதை முற்றியிராது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1930களுக்கும் 1984க்கும் இடையில், உரமும் உழவும் படாத தாழ்நிலப் புல்வெளியில் 97 விழுக்காடு மறைந்தது என்று கணிக்கப்பட்டுள்ளது.

பூப் பறித்தோரே இவ்வழிவிற்குக் காரணம் என்று சொல்வாரும் உண்டு. சிறுவர் கௌஸ்லிப் கொத்துகளைக் கட்டிப் பந்தாக்கி விளையாடியதும், சிற்றூர்ப் பெண்டிர் மதுவகை ஒன்று செய்யப் பூவைக் கூடை கூடையாகப் பறித்ததும் உண்மையே. எனினும் பறித்தவர் கைகளில் போனது அவ்வாண்டின் விதை. வேர் மண்ணில் இருந்தது, அடுத்த வேனிலில் மீண்டும் பூத்தது. ஏர் எடுத்தது வேரை. எளியோர் கைகளைக் குறைகூறுவதினும் வேளாண் கொள்கையைக் குறைகூறுவதே நேர்மை என்பது எம் கருத்து. வேரோடு பெயர்த்தலை 1981ஆம் ஆண்டுச் சட்டம் நில உரிமையாளர் இசைவின்றிச் செய்யலாகாது எனத் தடுக்கின்றது. நில உரிமையாளரே உழுவதை அவ்விதி தடுப்பதில்லை.

எஞ்சிய சிறு வெளிகளின் நிலைமை இங்குத்தான் கவலைக்குரியதாகின்றது. கௌஸ்லிப் செடி ஒன்று பல பத்தாண்டுகள் வாழவல்லது. சூழ உள்ள நிலமெல்லாம் உழப்பட்டபின்னும், வேலியோரத் துண்டு நிலத்தில் பத்துச் செடிகள் ஆண்டுதோறும் தவறாமல் பூத்துக்கொண்டிருக்கும். வழிச்செல்வோர் கண்டு மகிழ்வர். பூ இருக்கின்றது என்று கணக்கேட்டில் பதிவாகும். அப்பத்தில் ஒன்பது ஒரே வடிவத்தனவாயின், ஒன்பதற்கும் முறையான மகரந்தம் தரவல்ல செடி ஒன்றே. பெரிய வெளியில் இச்சமனின்மை தானே சீராகும். அரிய வடிவத்துக்கு மகரந்தம் மிகுதியாகக் கிட்டுவதால் அதன் வழித்தோன்றல்கள் பெருகிவிடும். சிறிய வெளியில் தற்செயலே ஆட்சி செய்கின்றது. அவ்வொற்றைச் செடியும் பட்டுப்போனால் மற்றவை பூக்கும், வண்டும் வரும், விதை மட்டும் வாராது. இலைகளின் அடியில் முட்டையிட இச்செடியையும் பிரிம்ரோசையுமே நாடும் ‘டியூக் ஆஃப் பர்கண்டி’ என்னும் சிறு வண்ணத்துப்பூச்சிக்கும் அத்தகைய துண்டு நிலம் போதாது.

எண்ணிப் பார்த்தலும் விதைத்தலும்

டார்வின் தம் காலத்தில், பல இடங்களில் தாமே வளர்ந்திருந்த 522 பூங்கொத்துகளைத் திரட்டி எண்ணியபோது 241 நீள்சூல்தண்டுடையனவாகவும் 281 குறுஞ்சூல்தண்டுடையனவாகவும் இருந்தன. ஏறத்தாழச் சரிபாதி. அவ்வெண்ணிக்கையை இன்றைய நிலத்தில் மீண்டும் எடுக்கும் பணி 2019இல் எஸ்டோனியா நாட்டில் தார்த்து பல்கலைக்கழகத்தின் முயற்சியால் பொதுமக்களைக் கொண்டு தொடங்கப்பெற்றுப் பின்னர் ஐரோப்பிய நாடுகள் பலவற்றிற்கும் பரவியது. கருவி ஏதும் வேண்டுவதில்லை. பூவை நிமிர்த்தி வாயிலை நோக்கிக் குண்டூசியா இழையா என்று குறித்தல் போதும். பள்ளிச் சிறுவரும் இதனைச் செய்தனர். குறுஞ்சூல்தண்டு சற்று மிகுந்திருத்தலும், கூட்டம் சிறுகச் சிறுக இரு வடிவங்களின் விகிதம் கோணுதலும் அக்கணக்கில் வெளிப்பட்டன.

1980களிலிருந்து இங்கிலாந்தின் பெருஞ்சாலைக் கரைகளில் கௌஸ்லிப் விதை தூவப்பட்டு வருகின்றது. சரிவான, மெலிந்த சுண்ணமண் அதற்கு ஏற்றதாயிருந்தமையால் சாலையின் இரு மருங்கும் வேனிலில் மஞ்சளாகின்றன. இதனை நாம் வரவேற்கின்றோம்; ஆயினும் ஒரு தயக்கம் உண்டு. முன்னெல்லாம் கௌஸ்லிப் நின்ற இடம் உழப்படாத பழைய நிலம் என்று ஊகிக்கலாம். பூ நிலத்தின் வரலாற்றைச் சொல்லியது. தூவப்பட்ட பூவால் அதனைச் சொல்ல இயலாது. விதை தொலைநாட்டதாயின், அவ்விடத்துப் பழைய செடிகளின் இயல்போடு அது கலந்துவிடும் என்ற அச்சமும் செடிநூலார்க்கு உண்டு.

ஆகவே அண்மையிலுள்ள பழைய வெளியில், இரு வடிவமும் நின்று பூத்த செடிகளிலிருந்து விதை திரட்டுவதே தக்கது என்பர். திரட்டிய விதையை இலையுதிர் காலத்திலேயே விதைத்துவிடல் வேண்டும். குளிர்காலத்தின் தண்மை பட்டாலன்றி அது முளைப்பதில்லை. விதைக்கும் நிலத்திற்கு உரமிடலாகாது. புல்லின் வேரில் ஒட்டி அதன் சத்தை உறிஞ்சும் ‘மஞ்சள் கிலுகிலுப்பை’ என்னும் ஓராண்டுச் செடியின் விதையையும் உடன் தூவுவது உண்டு. புல் மெலிந்தால் மற்றவற்றுக்கு இடம் கிடைக்கும். அதன்பின் ஆண்டுதோறும் சூலை வரை காத்திருந்து அறுத்தல், அறுத்ததை அங்கேயே மட்கவிடாது எடுத்துச் செல்லல், பின்னர் மேயவிடல். இவ்வளவும் வழுவாது செய்தாலும் புல்லின் நடுவே முளைத்த கன்று முதற்பூ பூக்கச் சில ஆண்டுகள் ஆகும். அது குண்டூசிக்கண்ணா இழைக்கண்ணா என்பது அந்த வேனிலில்தான் தெரியவரும்.